செவலை உயிரோடு இருக்க வேண்டிய பத்து நாள்

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒரு வாய்கூட எடுக்கவில்லை. போன் அடித்தது. ராயகிரியிலிருந்து சுடலைமுத்து தம்பி.

"அக்கா, நம்ம செவலை அங்கன வந்துச்சா?"

"இல்லையே தம்பி. ஏன்?"

"நேத்து சாயங்காலம் கயித்த அத்துட்டு ஓடிட்டு. பிள்ளைய லேசா கடிச்சுட்டு. அந்தப் பயத்துல ஓடிருக்கும்னு நினைக்கேன்."

எங்கே கடித்தது, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"விரல்லதான் அக்கா. ரெண்டு பல்லு இறங்கியிருக்கு. மஞ்சள் வச்சுக் கட்டியிருக்கோம். ஊசி போட்ட நாய்னு நீங்கதான் சொன்னியள்லா, அதான் பயமில்லன்னு விட்டுட்டோம்."

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் பகவதி. சங்கரன்கோவிலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். பனவடலிசத்திரம் போகிற ரோட்டில் எங்களுக்குக் கால் ஏக்கர் நிலம் உண்டு. அதில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஜனங்கள் வேண்டாம் என்று விட்டுப்போகிற நாய்களை வைத்துப் பார்க்கிறோம். நாங்கள் இரண்டு பேர், கூடக் கடையநல்லூர் காதர் அண்ணன். அண்ணன் ரொம்ப வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்து இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாய் பிடிப்பதில் அவரைப் போல ஆள் கிடையாது. நாய்களோடு வேலை முடிந்ததும் கை கால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் தொழுகைக்குப் போவார்.

நாய்களைத் தேற்றி, தடுப்பூசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். அப்படிக் கொடுத்ததுதான் செவலை. எட்டு மாதப் பொட்டை நாய். சந்தைக்குப் பின்னால் ஒரு சாக்கில் கட்டிப் போட்டிருந்த இரண்டு குட்டிகளில் ஒன்று. இன்னொன்றுக்கு மூக்கு கருப்பு, அதனால் கரிமூக்கி. செவலையைச் சுடலைமுத்து தம்பி வீட்டுக்குக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மகள் அன்பரசிக்கு ஏழு வயது. அவள்தான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். "வெறிநாய்க்கடி ஊசி போட்டாச்சாக்கா?" என்று அன்றைக்கே தம்பி கேட்டார். நான் நோட்டைத் திறந்து, டிக் அடித்திருந்ததைக் காட்டினேன்.

இப்போது அதே நோட்டை என் பையிலிருந்து எடுத்தேன். எங்கள் வழக்கம் என்னவென்றால், ஊசி போட்டதும் மருந்துக் குப்பியில் இருக்கிற ஸ்டிக்கரைப் பிரித்து அந்த நாயின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். கரிமூக்கிக்கு நேராக ஸ்டிக்கர் இருந்தது. செவலைக்கு நேராக டிக் மட்டும்தான் இருந்தது.

பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு குப்பி குறைந்தது. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது, அவசரத்தில் இரண்டு பெயருக்கும் சேர்த்து டிக் அடித்துவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு அது நினைவிலேயே இல்லை.

செவலைக்கு ஊசி போடவே இல்லை. அந்தப் பிள்ளையின் விரலில் அதன் பல் இறங்கி ஒரு இரவு கழிந்துவிட்டது.

அலுவலகத்தில் பழைய பைல்கள் வைக்கிற ரூமுக்குள் போய் நின்றேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது பிள்ளையைப் பற்றி அல்ல, என்னைப் பற்றித்தான். ஊரெல்லாம் என்ன சொல்வார்கள், இனி எவன் நம்மிடம் நாய் வாங்குவான் என்றுதான் நினைத்தேன். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். தம்பிக்குப் போன் போட்டு, "எதுக்கும் ஒரு ஊசி போட்டுருங்க தம்பி, நல்லதுதான்" என்றேன்.

"அதான் நாய்க்குப் போட்டாச்சே அக்கா. நாளைக்குக் கரும்பு வெட்டு இருக்கு. புதன்கிழமை வாக்குல கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டார். புதன்கிழமை வரைக்கும் விடலாமா? அங்கே சாமி படம்கூட இல்லை. எங்கள் ஊர் கோமதி அம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "கோமதித் தாயே, எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீதான் பேச வைக்கணும்" என்று சொன்னேன். வேறு வார்த்தை எதுவும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு எப்படி அந்த நம்பரைத் திரும்ப அழுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தம்பி, நான் சொன்னது தப்பு. செவலைக்கு ஊசி போடல. போட்டதா நோட்டுல எழுதிட்டேன். எம்மேல கோபத்தப் பிறகு வச்சுக்கோங்க. இப்பவே மஞ்சளக் கழுவி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணியில காட்டுங்க. உடனே பிள்ளையத் தூக்கிட்டு இங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் வாசல்ல நிக்கேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு கேள்வி.

"உங்க பிள்ளையா இருந்தா இப்படி எழுதியிருப்பியளா?"

போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, விரலிலேயே காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார். அன்பரசி அலறிய சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. அவளுடைய அம்மா பேச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோவில் புற்றுமண்ணை ஒரு தாளில் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் காயத்தில் வைக்கப் போனாள். நான்தான் கையைப் பிடித்தேன். "நெத்தியில பூசும்மா. காயத்துல வேண்டாம். அம்மனும் அதத்தான் சொல்லுவா." கையை உதறினாள். ஆனால் நெற்றியில்தான் பூசினாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஊசியை நாள் தவறாமல் போட வேண்டும். கூடவே அந்த நாயைக் கண்டுபிடிக்க வேண்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது நோயில்லாமல் உயிரோடு இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை என்று அர்த்தம். இடையில் செத்தாலோ காணாமலே போனாலோ, எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கடித்தது ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் செவலை உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் செவலை எங்கே?

அன்றைக்கே காதர் அண்ணன் ராயகிரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். செவ்வாய் முழுக்கத் தேடினார். என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வாசுதேவநல்லூர் வரைக்கும் போய் டீக்கடை டீக்கடையாக விசாரித்தார். நான் லீவு போட்டுவிட்டு வயக்காடு வயக்காடாக நடந்தேன். ஒரு தடயமும் இல்லை. இதற்குள் ஊரில் விஷயம் பரவிவிட்டது. சுடலைமுத்து தம்பியின் அண்ணனும் இன்னும் சில பேரும் கம்பும் கையுமாகத் தேடினார்கள். பார்த்த இடத்தில் அடித்துப் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நான் போய்க் கெஞ்சினேன். "நாய் சுமந்துக்கிட்டுத் திரியுத ஆளு நீதானம்மா? போ அந்தப் பக்கம்" என்றார் அந்த அண்ணன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு அன்பரசி தம்பி மகள்.

புதன்கிழமையும் போயிற்று. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை வேறு யாரோ அடித்துப் புதைத்திருப்பார்களோ, இல்லை வெறி முற்றி எங்கேயாவது செத்துக் கிடக்கிறதோ என்று மனது போய்க்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் அந்தப் பிள்ளையின் கட்டுப் போட்ட விரல்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் கோவிலுக்குப் போனேன். அன்றைக்கு அன்பரசிக்கு இரண்டாவது ஊசி. அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மனம் கலங்கினவர்கள் வந்து உட்காருகிற இடம் அது. அந்த நேரத்தில் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. "தாயே, நான் செஞ்ச தப்புக்கு என்னை என்ன வேணும்னாலும் செய். அந்த நாய மட்டும் உயிரோட கண்ணுல காட்டு. பிள்ளை பிழைச்சு வந்தா உனக்கு மாவிளக்கு எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்ன ஏது என்று கேட்காமலேயே தன் கையிலிருந்த குங்குமத்தை எனக்குக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஊசி போட்டு முடிந்து அன்பரசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேச்சி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். தம்பி கொஞ்சம் தள்ளி நின்றார். நான் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செவலைய அடிச்சுருவாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா. தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

என் காதுக்கு நேராக வந்து, "அவ மேல தப்பு இல்ல. அம்மைக்குத் தெரியாம நான்தான் எலும்பு போட்டேன். அது அவ வாயில மாட்டிக்கிட்டு. காலால வாயப் பிறாண்டிக்கிட்டே கத்துனா. நான் கையை விட்டு எடுக்கப் போனேன்" என்றாள்.

இதைத் தம்பியும் கேட்டுவிட்டார். "நாயக் காப்பாத்தணும்னு பொய் சொல்லுதா" என்றார். ஆனால் அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. காதர் அண்ணன்.

"தங்கச்சி, கண்டுட்டேன். கரும்புத் தோட்டத்துக்குள்ள ஒரு பம்புசெட்டுத் தொட்டி, அதுகிட்டதான் நிக்கிது. ஆனா நிலைமை சரியில்ல. வாயில எச்சி ஒழுகுது. வாய மூடவே மாட்டேங்குது. தண்ணிகிட்டப் போகுது, குடிக்க முடியல. இங்க சுடலைமுத்தோட அண்ணனோட சேத்து நாலு பேரு கம்போட வந்துட்டாங்க. நான் குறுக்க நிக்கேன். ரொம்ப நேரம் தாங்காது."

எச்சில் ஒழுகுகிறது, வாய் மூடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வெறி பிடித்த நாய்க்குச் சொல்கிற அடையாளங்கள் அவ்வளவும் இருந்தன. எலும்பு மாட்டியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். போனில் பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. "விலகும் வே! உம்ம மேலயும் சேத்து அடி விழப்போகுது!"

நான் போனை அப்படியே தம்பியிடம் நீட்டினேன். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க தம்பி. உங்க அண்ணன்தான் அங்கன நிக்காரு. அது செத்துட்டா நம்ம பிள்ளைக்கு என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும்."

அவர் போனை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அன்பரசி கட்டுப் போட்ட கையால் அவர் சட்டையைப் பிடித்தாள். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். மனதுக்குள் "தாயே, தாயே" என்பதைத் தவிர எதுவும் ஓடவில்லை.

வாங்கினார். "பாய், போன எங்க அண்ணன் காதுல வையுங்க" என்றார். பிறகு அந்த வராண்டாவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். "எண்ணே! கம்பக் கீழ போடு! எம்பிள்ளைக்கு அந்த நாய் உயிரோட வேணும். அடிச்சேன்னா உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல!"

அடிக்கவில்லை. கம்பைக் கீழே போட்டார்கள் என்று காதர் அண்ணன் பிறகு சொன்னார். கெட்டிக் கையுறை மாட்டி, வலையைப் போட்டு, மேலே போர்வையைப் போர்த்தி, கூண்டோடு வண்டியில் ஏற்றியபோது உதவிக்குக் கை கொடுத்தது தம்பியின் அண்ணன்தானாம்.

மத்தியானம் கொட்டகைக்குக் கால்நடை டாக்டர் வந்தார். எங்கள் மூன்று பேருக்கும் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஆனாலும் யாரையும் கிட்டே விடவில்லை. மயக்க ஊசி போட்டு, கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். "இங்க பாருங்க" என்றார். மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் குறுக்காக ஒரு எலும்புத் துண்டு இறுகிப் போய் மாட்டியிருந்தது. சுற்றிலும் புண். இடுக்கியால் பிடித்து இழுத்து எடுத்தார்.

என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில், "அப்பாடா" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். "எலும்பு இருந்துச்சுங்கிறதுக்காக நோய் இல்லன்னு ஆகாது. புதன்கிழமை வரைக்கும் பாக்கணும். தனியா அடைச்சு வைங்க."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. ஒரே வார்த்தைதான். "இருக்கா?" நான், "இருக்கா தம்பி" என்பேன். உடனே வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் தண்ணீர் குடித்தது. சனிக்கிழமை கஞ்சியை நக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போய்ப் பார்க்கிறேன், படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டதும் எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் தள்ளாடிச் சரிந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. வெறிநோய் வந்த நாய்க்கும் பின்னங்கால் இப்படித்தான் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கம்பிக் கதவுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு மணி. போன் அடித்தது.

"இருக்கா?"

இருக்கா என்று மட்டும் சொன்னால் அது பொய்யில்லைதானே என்று என் மனது சொன்னது. திரும்பவும் அதே தந்திரம். ஆனால் இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. "இருக்கா தம்பி. ஆனா எந்திரிக்கல. கால் தள்ளாடுது. தண்ணி குடிக்கல. டாக்டர் பத்து மணிக்கு வாராரு."

"சரிக்கா. மறைக்காம சொன்னியளே" என்றார். நான் தப்பை ஒத்துக்கொண்ட பிறகு அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

பத்து மணி வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காதர் அண்ணன் வந்தார், விஷயத்தைக் கேட்டார். "நீ உங்க அம்மன்கிட்டக் கேளு தங்கச்சி, நான் அல்லாகிட்டக் கேக்கேன். பிள்ளைக்காகக் கேக்கது எங்க கேட்டாலும் போய்ச் சேரும்" என்றார். கை கால் கழுவிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் தள்ளிப் போய்க் கையேந்தி நின்றார். எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "தாயே, நீ பார்த்துக்கோ" என்றேன். அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் அம்மனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். முழுக்க அவள் கையில் விட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் வந்தார். வாய்ப்புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறியிருக்கிறது, ஒரு வாரப் பட்டினியும் சேர்ந்து துவண்டுவிட்டது என்றார். அதுவாக இருக்கும், வேறாகவும் இருக்கலாம் என்றார். குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை அன்பரசிக்கு மூன்றாவது ஊசி. அன்றைக்குக் காலையில் என்னால், "இருக்கா, அப்படியேதான் இருக்கா" என்றுதான் சொல்ல முடிந்தது. சாயங்காலம் கஞ்சி வைத்தபோது தலையைத் தூக்கியது. பாதிப் பாத்திரம் குடித்தது. செவ்வாய்க்கிழமை நான்கு காலில் நின்றது.

புதன்கிழமை காலையில் கொட்டகைக்குள் நுழைகிறேன், கம்பிக் கதவில் இரண்டு முன்னங்காலையும் தூக்கி வைத்துக்கொண்டு நின்று குரைக்கிறது! பசி! வாலை ஆட்டின ஆட்டில் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது. மணி ஏழு ஆகவில்லை. அன்றைக்கு நான்தான் முதலில் போன் போட்டேன். போனைச் செவலை பக்கம் நீட்டினேன். அது குரைத்த குரைப்பை அவர் கேட்டார். பின்னால் அன்பரசி, "எப்பா, செவலை! செவலை!" என்று கத்தினாள். பேச்சி அழுகிற சத்தம் கேட்டது. சாயங்காலம் கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன்.

அன்பரசிக்குக் கடைசி ஊசி போட்ட நாளில் அவர்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தார்கள். செவலைக்கு அதற்குள் தடுப்பூசி போட்டாயிற்று. ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. நான் நோட்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். அவர் வாங்கி, பக்கத்தைத் திருப்பித் திருப்பி முழுதும் பார்த்தார். பிறகு வண்டியின் முன்னால் மாட்டியிருந்த கட்டைப்பையை இறக்கினார். அதற்குள் மூன்று நாய்க்குட்டிகள்.

"எங்க வயலுக்குப் போற பாதையில யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. இவ பெரியப்பாதான் எடுத்துட்டு வந்தாரு. இதுகளுக்கு வீடு பாத்துக் குடுங்கக்கா. ஊசி போடுதப்ப சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

"கட்டாயம் வாங்க தம்பி" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போகும்போது செவலையையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். பேச்சிதான் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

இப்போது எங்கள் கொட்டகையில் குப்பியை உடைத்து ஊசி போட்டு, ஸ்டிக்கர் ஒட்டின பிறகுதான் பேனா மூடியைத் திறப்போம். நாய் வாங்க வருகிற ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும், நாய் கடித்தால், அது ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டுவிட்டு நாய் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. பரவாயில்லை.

என்னைப் போல ஏதோ ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, நெஞ்சு அடைத்துப்போய் இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நான் அம்மனிடம் முதலில் கேட்டது பேசுவதற்கு ஒரு வாய்தான். அவள் அதைக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது. அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஊசி புதன்கிழமைதான். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அவள் என் காதில் பேசியிருக்கவும் மாட்டாள். அம்மன் எனக்குக் காதர் அண்ணனைக் கொடுத்தாள், டாக்டர்களைக் கொடுத்தாள், கோபத்தை விழுங்கிக்கொண்டு போனை வாங்கின ஒரு தகப்பனைக் கொடுத்தாள். பயமாக இருந்தாலும் அவளிடம் போய் உட்காருங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு எழுந்து போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமும் சொல்லுங்கள். அவள் கைவிட மாட்டாள். என் கையை விடவில்லை.